குசினிக்குள் ஓர் அடர்காடு

இலங்கையில் மர எல்லை என்று ஒன்று கிடையாது. அதைக் கண்காணிக்கத்தான் என்னைக் கண்டிக்கு அழைத்திருந்தார்கள்.

மலையில் ஏற ஏறக் குளிர் கூடி, ஓர் உயரத்துக்கு மேல் மரமே முளைக்காமல் நின்றுவிடும். அந்தக் கோட்டுக்குத்தான் மர எல்லை என்று பெயர். இமயமலையில் உண்டு. நிதி கொடுத்த ஐரோப்பிய நாட்டிலும் உண்டு. கண்டிக்குக் கிழக்கே நிற்கும் மலைகள் அவ்வளவு உயரம் போவதில்லை. ஆனால் திட்டத்தின் பெயரில் மர எல்லை இருந்தது, பணமும் அந்தப் பெயருக்குத்தான் வந்திருந்தது. ஆகவே உச்சிப் புல்வெளியும் அதன் கீழுள்ள காடும் சந்திக்கும் இடத்தை மர எல்லை என்று வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஏறுகிறதாம். எல்லோருக்கும் சந்தோஷம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். காட்டு வரைபடங்களோடு அரசு வேலையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். வரைபடத்தை மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன் வெளியார் ஒருவர் மதிப்பிட வேண்டும் என்பது விதி. வெளியார் என்றால் வெளிநாட்டார், மதிப்பீடு என்றால் கையெழுத்து என்று எல்லா நாட்டிலும் ஒரே பொருள்தான். போனேன்.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏறினேன். நின்றுகொண்டு வருபவர்களுக்கு நடுவே இன்னும் ஆள் ஏற்றியபடி நடத்துநர் சிங்களத்தில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கைக்காரரிடம் பொருள் கேட்டேன். "பின்னுக்கு நிறைய இடம் இருக்குன்னு சொல்றார்" என்றார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒரு மனிதர் தம் குடைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். இந்த நடத்துநரை நமது திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம், நில அளவில் நல்ல கற்பனை உள்ளவர் என்று நினைத்துக்கொண்டேன். பிலிமத்தலாவைக்கு அப்பால் வாகன நெரிசலில் பஸ் அசையாமல் நின்றபோது, அவர் இறங்கிப் போய் மாலு பணிஸ் வாங்கித் தின்றுவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தார். மீன் கறியை உள்ளே வைத்துச் சுட்ட அந்த ரொட்டியை நானும் மறுநாள் தின்றுபார்த்தேன். எங்கள் ஊர் பேக்கரியின் முட்டைப் பப்ஸ் இதற்கு முன் நிற்காது. தேசபக்திக்கு ஒரு எல்லை உண்டு.

கண்டியில் என்னை வரவேற்றவர் திட்டத் தலைவர் கலாநிதி யோகன், நம்மூர்க் கணக்கில் முனைவர். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், மரியாதையானவர். எதற்கும் "பிரச்சினையில்லை" என்பார். அப்படிச் சொல்பவர்களிடம் பிரச்சினைகள் மேசை இழுப்பறையில் இருக்கும் என்பது என் அனுபவம்.

செவ்வாய்க்கிழமை காலை விடுதியில் இடியப்பம், சொதி, சிவக்கச் சிவக்கத் தேங்காய்ச் சம்பல். ஜன்னல் வழியாக ஒரு குரங்கு வந்து என் இடியப்பத்தில் பாதியை எடுத்துக்கொண்டு போயிற்று. பரிமாறிய பெண் அதைத் திட்டவில்லை, என்னைத்தான் ஜன்னலை ஏன் திறந்தீர்கள் என்று கேட்டாள். பிறகு வேனில் மலைப்பக்கம் கிளம்பினோம். ஓட்டுநர் சந்திரன். வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர், இப்போது குண்டசாலையில் வீடு. அவர் வாயை மூட ஒரு வழிதான் உண்டு, வழி கேட்பது. வழி மட்டும் அவருக்குச் சரியாகத் தெரியாது.

வரைபடத்தைக் களத்தில் சரிபார்க்கும் முறை எளியது. கணினி கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தின் மேல் புள்ளிகளை இறைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரில் போய், வரைபடம் காடு என்று சொன்ன இடத்தில் காடு இருக்கிறதா என்று பார்த்து, நான்கு திசையிலும் படம் எடுக்க வேண்டும். போக முடியாத செங்குத்துப் பாறை என்றால் மட்டும், புள்ளியை அருகிலுள்ள அதே மாதிரியான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை.

அந்தச் சலுகையின் மேல்தான் முழுத் திட்டமும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. புள்ளிகள் யாவும் சாலை ஓரத்துக்கு நகர்ந்து வந்திருந்தன. வேன் மெதுவாகும், யோகன் கண்ணாடியை இறக்குவார், மேட்டைப் பார்ப்பார், "காடு" என்பார். பின்னால் உட்கார்ந்திருந்த உதவியாளர் அதைக் கணினியில் தட்டுவார். ஓரிடத்தில் உச்சியை நோக்கி அணிவகுத்து நின்ற பைன் மரங்களைக் காட்டி, "பாருங்கோ சேர், மர எல்லை எப்பிடி ஏறியிருக்கு" என்றார் யோகன்.

"இவை யாரோ நட்டவை அல்லவா?"

"ஓம். ஆனா ஏறியிருக்குத்தானே."

நீலகிரியில் நம்மவர்களும் யூகலிப்டஸ் வரிசைகளைக் காட்டுக் கணக்கில் காட்டிப் பாராட்டு வாங்கியதுண்டு. ஆகவே நான் வாயை மூடிக்கொண்டேன். சந்திரன் மூடவில்லை. "ஐயா, அந்தப் பக்கம் பாருங்க, அதுவும் காடுன்னுதான் இவங்க மேப்புல இருக்கு. எங்க தோட்டத்துப் பழைய மலைங்க. கொழுந்து பறிக்க ஆள் இல்லாம விட்டாங்க, தேயிலைச் செடி மரமா வளந்து நிக்குது. எங்கம்மா கூடை தூக்குன காட்டுல இப்ப சிறுத்தை இருக்காம், அப்படியா யோகன் சேர்?"

"வாய்ப்பிருக்கு" என்றார் யோகன், சிரிக்காமல்.

புதன்கிழமை வத்தேகமச் சந்தையைத் தாண்டி ஏறும்போது வேன் கொதித்து நின்றது. ராடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்று யோகனும், திறந்தே ஆக வேண்டும் என்று சந்திரனும் விவாதித்தார்கள். விவாதம் முடிவதற்குள் மூடி தானாகத் திறந்துகொண்டது. தண்ணீருக்காக ஆட்டோ பிடித்துக் கீழே போனார் சந்திரன். சும்மா நிற்பானேன் என்று கையிலிருந்த ஜிபிஎஸ்ஸைப் பார்த்தேன். நகர்த்தப்படாத ஒரு புள்ளி, கணினி உண்மையில் போட்ட இடத்திலேயே, சற்று மேலே இருந்தது. வரைபடத்தில் அது அடர்காடு. முதல் தரம்.

"அது ஏற்கெனவே பாத்தாச்சு சேர்" என்றார் யோகன்.

"வேனிலிருந்தா?"

அவர் ராடியேட்டரைக் கவனிக்கத் தொடங்கினார். நான் ஏறினேன்.

உண்மையில் அடர்காடு போலத்தான் இருந்தது. தலைக்கு மேலே பலா, அதன் நிழலில் கராம்பும் சாதிக்காயும், ஒவ்வொரு தண்டிலும் மிளகுக் கொடி, அதற்குக் கீழே கோப்பி, அதற்கும் கீழே இஞ்சி. கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்கள் இப்படித்தான். ஐந்து மாடியில் பயிர் செய்வார்கள், மொட்டை மாடி மட்டும்தான் செயற்கைக்கோளுக்குத் தெரியும். ஜிபிஎஸ் அம்புக்குறியைத் தொடர்ந்து போய், ஒரு வீட்டின் பின்புறம் புகை வரும் சமையலறைக் கதவுக்கு முன் நின்றேன். அம்பு உள்ளே காட்டியது.

முக்காடு போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் அகப்பையோடு வெளியே வந்தார். "யார் சேர்? என்னத்த தேடுறீங்க?"

வேறு பொய் தோன்றவில்லை. "காட்டை" என்றேன்.

அவர் என் கையிலிருந்த கருவியைப் பார்த்தார். முகம் மாறியது. "அப்ப அந்த மேப்புக்கு வந்தவங்களா நீங்க. வாங்க, உள்ளுக்கு வந்து பாருங்க. இது எங்கட குசினி. இதத்தான் காடுன்டு செல்றாங்க."

அவர் பெயர் ரஹீமா. கணவர் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை. தோட்டம் இவர் பொறுப்பு. கதிரை போட்டு உட்காரவைத்து, கித்துள் கருப்பட்டியோடு பால் ஊற்றாத தேத்தண்ணியும், அவித்த பலாக்காயும் தேங்காய்த் துருவலும் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். சென்ற மாதம் அதிகாரிகள் வந்தார்களாம். வரைபடத்தில் இந்தச் சரிவு முழுக்க அடர்காடு, அது கையெழுத்தாகி வந்ததும் எல்லைக்கல் நடுவோம், அதற்குப் பிறகு ஒரு கிளையை வெட்டினாலும் ஒரு காயைப் பறித்தாலும் வழக்கு என்று பள்ளிவாசலடியில் நின்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

"காணி உறுதி இரிக்கி சேர், வரி கட்டின துண்டு இரிக்கி. அதெல்லாம் மேப்புல தெரியாதுன்டு செல்றாங்க."

அவர் நானா என்று அழைக்கும் அண்ணன் நிலாம் வேலியைத் தாண்டி வந்தார். அடுத்த துண்டு அவருடையது. சுருக்கமான மனிதர். உட்காரவில்லை. நேரே என்னிடம் கேட்டார்: "செட்டலைட் எந்த நாள்ல வரும்?"

"ஏன்?"

"அதுக்கு முந்தி வெட்டோணும். மேலேந்து பாத்தா காடுன்டு தெரியிறதுதானே பிரச்சினை. பலாக்குப் பெர்மிட் வேணும், அத விடுவோம். கராம்பு, சாதிக்கா, நெழல் மரம், எல்லாத்தையும் எறக்கினா வெளிச்சம் உழும். அப்ப தோட்டம்ன்டு தெரியுந்தானே. சனிக்கிழம மெஷின்காரனுக்குச் சென்னீக்கி. இவட துண்டும் சேத்து."

அவர் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. காட்டைக் காப்பாற்றும் திட்டம் ஒன்று வந்து, மரத்தை வெட்டினால்தான் நிலம் தப்பும் என்று ஒரு ஊருக்குக் கற்பித்திருக்கிறது. என் பணிக்காலத்தில் பல சுற்றறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு விரைவாகப் பலன் தந்தது எதுவும் இல்லை.

ரஹீமா அண்ணனைப் பார்க்காமல் பேசினார். "இந்தக் கராம்பு வாப்பா வெச்சது சேர். இது காய்க்க எவ்வளவு காலம் எடுக்கும்ன்டு தெரியுமா? இதுல இருந்துதான் எங்கட புள்ளைகள் படிச்ச. வெட்டினா ஒண்டும் இல்ல. வெட்டாட்டியும் ஒண்டும் இல்லன்டு எங்கட நானா செல்றாரு."

வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது, அதில் பேசுகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். ரஹீமா சரி என்றார். நிலாம், "கூட்டமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போனார். அந்த ஒரு சொல்லில் அரசாங்கங்களைப் பற்றிய முழு ஆய்வுரை இருந்தது.

கிளம்புவதற்கு முன் விதிப்படி நான்கு திசையிலும் படம் எடுத்தேன். வடக்கே அடுப்பு, கிழக்கே அம்மிக்கல், தெற்கே சாதிக்காய் காயும் பாய், மேற்கே கொடியில் உலரும் கணவரின் சாரம். முதல்தர அடர்காடு.

வியாழக்கிழமை படங்களை யோகனின் மேசையில் வைத்தேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"எனக்குத் தெரியும் சேர். மாத்தளையில எங்கட மாமி வீடும் அடர்காடாத்தான் கிடக்கு. மாமி என்னோட கதைக்கிறேல்ல."

"தெரிந்துமா?"

"முதல் வரைபடத்தில வீட்டுத் தோட்டம் எண்டு தனி வகை வச்சிருந்தனாங்கள். நிதி குடுக்கிற ஆக்களின்ட அட்டவணையில அப்பிடி ஒரு வகை இல்லை. காடு, புல்வெளி, பயிர், கட்டடம், தண்ணி. அவ்வளவுதான். இதைப் பயிருக்குள்ள போட்டா, போன அறிக்கையை விடக் காடு குறைஞ்சு காட்டும். திட்டம் வந்த பிறகு காடு குறைஞ்சது எண்டு எழுதேலுமா?"

"ஒரு மரமும் குறையவில்லையே."

"மரம் குறையேல்ல சேர். காடு குறையும்."

இவ்வளவு தெளிவாகப் பேசும் ஆளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம் என்றார். அடிக்குறிப்பு அறிக்கையில்தான் இருக்கும், எல்லைக்கல் நடுகிறவன் கையில் வரைபடம் மட்டும்தான் இருக்கும் என்றேன். அப்படியானால் கூட்டத்தில் பேசுங்கள் என்று நிகழ்ச்சி நிரலில் இடம் கொடுத்தார். கடைசி விடயம், மதிய உணவுக்குப் பிறகு, "ஏனையவை". அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். வேண்டாத எத்தனையோ பேரை நானே அங்கே உட்காரவைத்திருக்கிறேன். அங்கே பேசுபவர் நாற்காலிகளிடம் பேசுவார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கலாம். அப்போது இன்னொரு வெளியாரை அழைப்பார்கள், அவருக்கும் இடியப்பம் பிடிக்கும்.

மாலையில் சந்திரன் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தார். "நீங்க கவலப்படாதீங்க ஐயா. நாங்க நாலு தலமொறையா இருந்த லயத்து வீட்டக்கூட ஒரு மேப்புல காணோம். வீட்டக் காடுன்னு போட்டது பரவாயில்ல, எங்கள ஒண்ணுமே போடல" என்றார். ஆறுதல் சொல்வதில் அது ஒரு வகை.

வெள்ளிக்கிழமை கூட்டம் வாவியைப் பார்த்த ஒரு ஹோட்டலில். கொழும்பிலிருந்து மேலதிகச் செயலாளர் வந்திருந்தார், கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக் கழற்றிப் போட்டு எல்லாவற்றையும் உண்மையாகவே கவனிக்கிற ஓர் அம்மையார். நான் என் உரையைத் தயாரித்துக்கொண்டு, உணவுக்குப் பின் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று மனதில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதற்கு அவசியம் வரவில்லை. யோகன் திட்டத்தின் சிறப்பை விளக்கும்போது, மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ராடார்ப் படம் அன்று காலைதான் வந்து இறங்கியது என்றார். அதைத் திரையில் போட்டதும், பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கியது. யோகன் குரல் உயர்ந்தது. காட்டழிப்பை உடனுக்குடன் காட்டிக்கொடுக்கும் எச்சரிக்கை முறை இது, இதோ முதல் எச்சரிக்கை, அடர்காட்டில் மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன என்றார். மண்டபம் கைதட்டியது. ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

"கொஞ்சம் பெரிதாக்குங்கள்" என்றேன்.

பெரிதாக்கினார்கள். சிவப்பின் ஓரத்தில் ஒரு கூரை. அதன் பின்புறம் எனக்குத் தெரியும், அங்கே பலாக்காய் தின்றிருக்கிறேன். சிவப்பு இருந்தது வேலிக்கு அந்தப் பக்கம். நிலாம் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. கூட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் மெஷின்காரனை முன்னதாகவே கூப்பிட்டிருக்கிறார்.

நான் எழுந்து, அது காடு அல்ல, ஒருவருடைய கராம்புத் தோட்டம் என்றேன். காடு என்று நமது வரைபடம் சொன்னதால், காடு இல்லை என்று காட்டுவதற்காக வெட்டியிருக்கிறார் என்றேன். குசினியின் நான்கு திசைகளையும் திரையில் போடச் சொன்னேன். கணவரின் சாரம் சுவர் அளவுக்கு விரிந்தபோது யாரோ சிரித்து, நிறுத்திக்கொண்டார்கள்.

மேலதிகச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். சிங்களத்தில் அவர் யோகனிடம் கேட்டதைப் பக்கத்திலிருந்தவர் எனக்குச் சொன்னார்: "இது காடு என்றால், அமைச்சின் கண் முன்னால் காடு அழிகிறது. பாராளுமன்றத்தில் கேட்பார்கள். இது தோட்டம் என்றால்?"

"தோட்டம் எண்டால் எச்சரிக்கை வராது" என்றார் யோகன், முதலில் சிங்களத்தில், பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில்.

"அப்படியானால் தோட்டம்" என்றார் அம்மையார்.

இவ்வளவுதான். அந்தச் சரிவு முழுவதும் வீட்டுத் தோட்டம் என்று தனி வகையாகும், நேரில் போய்ப் பார்க்காத எந்த இடத்திலும் எல்லைக்கல் கிடையாது என்று அங்கேயே குறிப்பு எழுதச் சொன்னார். நிதி கொடுப்பவர்களுக்கு என்ன சொல்வது என்று யோகன் கேட்டார். சிவப்புப் புள்ளியைவிட அவர்களைச் சமாளிப்பது சுலபம் என்றார் அம்மையார். நியாயத்துக்காக நான் ஒரு உரை தயாரித்திருந்தேன். பயம் அதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.

உணவுக்குப் போகிற கூட்டத்திலிருந்து விலகி, வராந்தாவில் நின்று ரஹீமாவுக்கு அழைத்தேன். பின்னணியில் மரம் அறுக்கும் மெஷின் சத்தம் கேட்டது.

"ரஹீமா, வெட்ட வேண்டாம். தோட்டம் என்றே போட்டுவிட்டார்கள். எல்லைக்கல் வராது. உங்கள் துண்டுக்கு நாளைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்."

"மெய்யா சேர்?"

"மெய்தான். எழுதியாயிற்று."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூச்சு விடுவது கேட்டது. பிறகு, மெஷின் நின்றுபோன அமைதியில், தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப எங்கட நானாக்கு என்னத்த செல்ற சேர்? அவர்ட துண்டுல கடைசி மரத்தையும் இப்பதான் எறக்கினாரு."

தவறாகச் சேர்த்த நிலத்தை நீக்க ஒரு நடைமுறை உண்டு. மேல்முறையீட்டுக்கு உண்டு, அதிலும் தோற்றால் கருணை மனுவுக்கு உண்டு. எல்லாவற்றின் பிரிவு எண்ணும் எனக்குத் தெரியும். இதற்கு எந்தப் பிரிவு என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அவர் "சரி சேர், நான் பாத்துக்கொள்றேன்" என்று வைத்துவிட்டார்.

யோகன் இரண்டு தட்டுகளோடு வந்தார். எனக்கு ஒன்று. "அந்த மனிசி என்ன சொன்னவா சேர்?"

"நன்றி சொன்னார்" என்றேன்.